திரும்பி வரும் உறையைத் தூக்கி எறியாதீர்கள்

ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசியின் வழக்கம். அன்றிலிருந்து ஏஜெண்டுகள் ஆல்பத்தைச் சுமந்துகொண்டு தமிழ்நாடெங்கும் கிளம்புவார்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகை, அரிசி மண்டி என்று ஆர்டர்கள் வந்து சேரும். ஒவ்வோர் ஆர்டரோடும் ஒரு கடையின் முகவரி வரும். டிடிபி போடுபவர், புரூப் பார்ப்பவர், கடைக்காரர் என மூன்று பேர் கண்ணில் பட்ட பிறகுதான் அது அச்சுக்கு ஏறும். தெருப் பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போனாலும், தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும், அடித்த காலண்டர் அத்தனையும் அச்சகத்தார் தலையில்தான் விடியும். அதனால் அந்தக் கவனம்.

அதே ஊரிலிருந்து ஆவணி, புரட்டாசியில் இன்னொரு அச்சுத்தாள் கிளம்புகிறது. பட்டாசு விலைப்பட்டியல். ஊர்க்காரர் வாயில் அது ‘பிரைஸ் லிஸ்ட்’. கம்பி மத்தாப்பிலிருந்து கிப்ட் பாக்ஸ் வரை விலை போட்டு, உறையில் வைத்து, லேபிள் ஒட்டி அனுப்புகிறார்கள். டைரி, காலண்டர், கல்யாணப் பத்திரிகை மாதிரிகளும் இப்படித்தான் போகின்றன. வாட்ஸ்அப் வந்த பிறகு தபாலில் போவது குறைந்திருக்கிறது; நின்றுவிடவில்லை. மொத்தமாக வாங்கும் கடைக்காரர்களுக்கும், ஊழியர்களுக்குப் பட்டாசு வாங்கும் நிறுவனங்களுக்கும், கைப்பேசித் திரையில் பொடி எழுத்தைப் படிக்க முடியாத பெரியவர்களுக்கும் தாள்தான் வசதி. ஆனால் அந்த உறையின் மேல் ஒட்டும் லேபிளை ஒட்டுவதற்கு முன் ஒருவராவது படித்துப் பார்க்கிறாரா? பெரும்பாலும் இல்லை.

இதை என் வீட்டு வாசலில் வைத்தே தெரிந்துகொண்டேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அப்பா கடை வைத்திருந்தார். தீபாவளிக்குக் கொஞ்சம் பட்டாசும் விற்பார். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கடையும் இல்லை. ஆனாலும் புரட்டாசி பிறந்தால் அவர் பெயருக்கு விலைப்பட்டியல் வந்துவிடும். ஒன்றல்ல, மூன்று. ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் கடைப் பெயரே ஆள் பெயராகி ‘திரு.’ சேர்ந்திருக்கும். அம்மா மூன்றையும் வாங்கி அப்பா படத்துக்குக் கீழே வைப்பார். “அவுக இல்லைன்னு அந்தக் கம்பெனிக்கு யாருப்பா சொல்றது?” என்று ஒருமுறை கேட்டார். நான் கடிதம் எழுதினேன். அடுத்த வருடமும் மூன்று உறைகள் வந்தன.

அந்த நிறுவனத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களிடம் இருக்கும் பட்டியல் எப்போதோ எழுதப்பட்டது, அதன் பிறகு திருத்தப்படாதது. பேரேட்டை வருடாவருடம் புதிதாகப் போடும் வியாபாரிகள், பார்ட்டிகளின் முகவரிப் பட்டியலை மட்டும் பரம்பரைச் சொத்துபோல அப்படியே வைத்திருக்கிறார்கள். அது சொத்தாக இருக்கலாம். ஆனால் குடோனில் கிடக்கும் சரக்குபோல நமத்துப்போகும் சொத்து.

தபால்காரரின் நினைவு

‘பெயர், பஜார், சாத்தூர்’ என்று மூன்றே சொல் எழுதிப் போட்ட தபால்கள் ஒரு காலத்தில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. எழுதியவரின் திறமையால் அல்ல. கொண்டுபோய்க் கொடுத்தவரின் நினைவால். எந்தக் கடை எந்தச் சந்துக்கு மாறியது, எந்த வீட்டுப் பிள்ளை திருப்பூருக்குப் போனான், ஒரே பெயருள்ள இருவரில் யாருக்கு மணியார்டர் வரும், யாருக்கு வக்கீல் நோட்டீஸ் வரும் என்பதெல்லாம் தபால்காரருக்குத் தெரியும். நாம் எழுதிய அரைகுறை விலாசத்தை அவர் மனதுக்குள் திருத்திக்கொண்டு நடந்தார். நம் பட்டியல்களின் பிழை இத்தனை காலம் வெளியே தெரியாமல் போனதற்கு அவரே காரணம்.

இப்போது நிலைமை வேறு. ஊர்கள் பெருத்துவிட்டன. சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகளை இணைத்து 2021-ல் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். தரிசாகக் கிடந்த இடமெல்லாம் நகர், காலனி என்று பெயர் பெற்றிருக்கின்றன. தெருவோடு வளர்ந்த தபால்காரர் ஓய்வு பெறும்போது அவருடைய நினைவும் அவரோடு போய்விடுகிறது; அதை எழுதி வைக்க ஏடு எதுவும் இல்லை. புதிதாக வருபவருக்கு உறையில் எழுதியிருப்பது மட்டும்தான் தெரியும்.

கொரியர் பையன்களுக்கு ஒரு வழி இருக்கிறது: கைப்பேசியில் கூப்பிட்டு “அண்ணாச்சி, எங்க இருக்கீங்க?” என்று கேட்டுவிடுகிறார்கள். அங்கே தொலைபேசி எண்தான் முகவரி. ஆனால் சாதாரணத் தபாலில் போகும் விலைப்பட்டியலுக்காக யாரும் போன் செய்யப்போவதில்லை. லேபிளில் இருப்பது சரியாக இருந்தால் போய்ச் சேரும், இல்லாவிட்டால் இல்லை. தபால்காரரின் நினைவு இதுவரை சுமந்த பாரத்தை, இனி பட்டியல் வைத்திருப்பவர்தான் சுமக்க வேண்டும். நான் சொல்ல வருவது இதைத்தான்.

மாறும் பெயர்கள், மாறாத எண்

முகவரி நாமாகத் தொடாவிட்டாலும் பழையதாகும் என்பதற்கு விருதுநகரைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. விருதுப்பட்டியாக இருந்த ஊர் 1923-ல் விருதுநகர் ஆனது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி 1985 மார்ச் 15 அன்று தனி மாவட்டமாகி, காமராஜர் பெயரைத் தாங்கியது. மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயரைச் சூட்டும் முறை 1997-ல் கைவிடப்பட்டபோது விருதுநகர் மாவட்டம் ஆனது. ஆக, ஒரே வீட்டுக்கு நாற்பது வருடங்களுக்குள் மூன்று மாவட்டப் பெயர்கள். வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை. ‘காமராஜர் மாவட்டம்’ என்று அச்சான லேபிள்கள் அந்தப் பெயர் போன பிறகும் பல வருடங்கள் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தன.

பக்கத்திலேயே இன்னோர் உதாரணம். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது. அதே ஆண்டில் கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு மாவட்டங்களும், 2020-ல் மயிலாடுதுறையும் பிறந்தன. இன்று தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். பத்து வருடங்களுக்கு முன் தயாரித்த பட்டியலை வைத்திருப்பவர், இந்த மாவட்டங்களின் பார்ட்டிகளுக்கெல்லாம் பழைய மாவட்டத்தின் பெயரில்தான் லேபிள் அடித்துக்கொண்டிருக்கிறார். தெருக்களும் பெயர் மாறுகின்றன. தெருப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்குவதற்காகத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அரசாணை பிறப்பித்தது. நெடுங்காலம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது. ஒரு தெருவின் பெயரை மாற்றும்போது பழைய பெயர் எது, புதிய பெயர் எது என்று ஒரு பட்டியலையும் சேர்த்தே வெளியிட்டால்தான் அது நிறைவடையும்.

இத்தனை மாற்றத்துக்கும் நடுவே அசையாமல் நின்றது ஒன்றுதான்: பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகள், பல எழுத்துகள் உள்ள நாட்டில் கடிதம் வழி தவறாமல் இருக்க ஆறு இலக்க எண் போதும் என்று கண்டவர்கள் அவரும் அவருடைய துறையும். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் மாவட்டம்: 625 மதுரை, 626 விருதுநகர், 627 திருநெல்வேலி. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். தென்காசி தனி மாவட்டமான பிறகும் அதன் எண் 627-லேயே தொடங்குகிறது. அரசியல் வரைபடம் மாறினாலும் தபால்பையின் வழி மாறவில்லை.

ஆனால் எண்ணுக்கும் ஓர் ஆபத்து உண்டு. பெயரில் ஓர் எழுத்து பிழையானால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். எண்ணில் பிழையானால் அது இன்னோர் ஊருக்குச் சரியான எண்ணாகிவிடும். விருதுநகர் 626001. நடுவில் ஓர் இலக்கத்தை மாற்றி 626101 என்று அடித்தால் அது அருப்புக்கோட்டை. சிவகாசி 626123. கடைசி இரண்டையும் இடம் மாற்றி 626132 என்று அடித்தால் உறை மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள வத்திராயிருப்புக்குப் போகும். ஆதார் எண்ணில் கடைசி இலக்கம், தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுப்பதற்காகவே வைக்கப்பட்டது. பின்கோட்டில் அப்படி ஒரு காவல் இலக்கம் இல்லை. ஆகவே எண்ணையும் ஊரையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். பள்ளபட்டி என்று மட்டும் எழுதியிருந்தால் சிவகாசிப் பள்ளபட்டியும் உண்டு, கரூர் மாவட்டத்துப் பள்ளபட்டியும் உண்டு. எண் இருந்தால் ஊர் தெளியும். ஊர் இருந்தால் எண்ணின் பிழை தெரியும். இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும் சாட்சிகள்.

இனிஷியலும் எழுத்துருவும்

முகவரியைச் சரிபார்க்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்து வைக்கும் நாடுகளின் வழக்கத்தில் செய்யப்பட்டவை. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான். ‘எஸ். முருகன்’, ‘முருகன் எஸ்’, ‘சு. முருகன்’ மூன்றும் ஒருவராக இருக்கலாம், மூவராகவும் இருக்கலாம். கணினி அவர்களை மூவர் என்றே எண்ணி மூன்று உறை அனுப்பும். எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று உறைகளின் கதை அதுதான். பெயரை வைத்து இரட்டைப் பதிவைத் தேடினால் நம் பட்டியலில் குழப்பமே மிஞ்சும். கைப்பேசி எண், பின்கோடு, கதவு எண் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு சிக்கல், படிவம். தமிழ் முகவரிக்கு ஓர் ஒழுங்கு உண்டு: பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம். இதில் ‘அஞ்சல்’ என்ற வரிதான் கிராமங்களின் உயிர். ஊர் ஒன்றாக இருக்கும், தபால் வரும் கிளை அஞ்சலகம் பக்கத்து ஊரில் இருக்கும். கணினிப் படிவமோ முதல் வரி, இரண்டாம் வரி, நகரம் என்று மூன்றே கட்டம் தருகிறது. தட்டச்சு செய்பவர் இடம் போதாமல் அஞ்சலையும் வட்டத்தையும் விட்டுவிடுகிறார். பட்டாசு ஆலைகளின் நிலை இன்னும் சிரமம். வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரங்களில் ஊரை விட்டு ஒதுங்கிக் கரிசல் காட்டில் நிற்கும் ஆலைக்குத் தெரு ஏது? சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும்தான். ஆலைக்கு ரசாயனம் விற்பவர், அட்டைப்பெட்டி விற்பவர் அனுப்பும் தபால்கள் தடுமாறுவது இங்கேதான். விபத்து என்று அழைப்பு வரும்போது தீயணைப்பு வண்டி தேடிப்போக வேண்டிய விலாசமும் அதுவே. ஆலையின் முகவரி சரியாக இருப்பது வியாபாரத்துக்கு மட்டுமான விஷயம் அல்ல.

மூன்றாவது, எழுத்துரு. அச்சு ஊர் என்பதாலேயே சிவகாசிக்கு வந்த சங்கடம் இது. கணினி வந்த காலத்தில் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அவற்றில் சேமித்த முகவரிகளை இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. பழைய பட்டியல்களோ அங்கேயே நின்றுவிட்டன. மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தால் ஒற்றைக் கொம்பும் காலும் இடம் மாறும். அப்படி மாறிய பெயரை யாரும் படித்துப் பார்க்காமல் லேபிளாக அடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் வைத்திருந்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. விருதுநகரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘எச்’ சேர்ப்பவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு. கணினிக்கு அவை இரண்டு ஊர்கள்.

நஷ்டக் கணக்கு

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். அச்சு, உறை, தபால்தலை, கூலி எல்லாம் சேர்த்து ஓர் உறைக்கு 15 ரூபாய் என்றும், பட்டியலில் 10,000 பெயர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து தவறு என்றால் 15,000 ரூபாய் போயிற்று. இது சின்ன நஷ்டம். அந்த ஆயிரம் பேரில் ஐம்பது பேர் வழக்கமாக வாங்குகிறவர்களாக இருந்து, பட்டியல் வராததால் வேறு கடைக்குப் போய்விட்டால் அதுதான் பெரிய நஷ்டம். பட்டாசு ஒரு பருவ வியாபாரம். திரும்பி வந்த உறையைத் திருத்தி மறுபடி அனுப்புவதற்குள் தீபாவளி முடிந்துவிடும். இரண்டாம் வாய்ப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

முகவரி சரியாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பட்டாசை இணைய வர்த்தகத் தளங்களில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. தபாலிலும் பட்டாசை அனுப்ப முடியாது. வெடிபொருளை அஞ்சல் துறை ஏற்பதில்லை. ஆனால் ஒவ்வொரு சீசனிலும் சிவகாசியின் பெயரைச் சொல்லிப் போலி இணையதளங்கள் முளைக்கின்றன. பாதி விலை என்று ஆசை காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகின்றன. 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவு இதைக் குறித்து மக்களை எச்சரித்தது. இந்தச் சூழலில், அனுப்பியவரின் முழு முகவரியும் உரிம விவரமும் அச்சான தாள், பெற்றவரின் சரியான முகவரிக்குத் தபாலில் வருவது ஒரு நம்பிக்கைச் சான்று. பெற்றவர் பெயரைப் பிழையாக எழுதினால் அந்த நம்பிக்கை உறையைப் பிரிக்கும் முன்பே போய்விடும். தன் பெயரைக்கூடச் சரியாக எழுதத் தெரியாதவரிடம் யார் முன்பணம் கொடுப்பார்கள்?

என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, திரும்பி வரும் உறைகளைப் படிப்பது. ‘முகவரி போதாது’, ‘இடம் மாறிவிட்டார்’, ‘அப்படி ஒருவர் இல்லை’, ‘பெற மறுத்தார்’, ‘காலமானார்’ என்று தபால்காரர் பேனாவால் எழுதும் ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு செய்தி. முகவரி போதாது என்றால் பார்ட்டிக்குப் போன் செய்து திருத்த வேண்டும். இடம் மாறிவிட்டார் என்றால் புதிய விலாசம் கேட்க வேண்டும். பெற மறுத்தால் அவரை இனித் தொந்தரவு செய்யக் கூடாது. காலமானார் என்றால் அன்றைக்கே அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும். பல அலுவலகங்களில் இந்த உறைகள் ஒரு சாக்கில் கட்டப்பட்டு, தைக்குப் பிறகு பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போகின்றன. வருடம் முழுவதும் தேடினாலும் கிடைக்காத தகவலைக் கிலோ கணக்கில் விற்கிறோம். உறையின் மேல் அனுப்புநர் முகவரி இல்லாவிட்டால் இந்தத் தகவலும் திரும்பி வராது.

இரண்டாவது, பட்டியலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைப்பது. பெயர், கடைப் பெயர், பழைய கதவு எண், புதிய கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு, கைப்பேசி எண் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். ‘பிள்ளையார் கோயில் எதிரில்’ என்ற அடையாளத்துக்கும் ஒரு கட்டம் கொடுங்கள். நம் ஊரில் அது முகவரியின் பகுதி. அஞ்சல் துறையின் பின்கோடு அடைவு பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது. பட்டியலில் உள்ள எண்ணையும் ஊரையும் அதோடு ஒப்பிட்டுப் பொருந்தாதவற்றைத் தனியே எடுக்க, கணினி தெரிந்த ஒரு கல்லூரி மாணவருக்கு ஒரு நாள் போதும்.

மூன்றாவது, பார்ட்டியிடமே கேட்பது. லாரியில் சரக்கு அனுப்பி, வாடகையைப் பெறுபவரே கட்டும்படி ‘டூ பே’ போட்டு, பார்சல் ஆபீசில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் வியாபாரம் இது. பில் போடும்போது எப்படியும் பேசுகிறோம். அப்போதே “விலாசம் இதேதானா?” என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? விலைப்பட்டியலோடு, முகவரியைத் திருத்தி அனுப்ப ஓர் அட்டை வைக்கலாம். பெறுபவர் தபால்தலை ஒட்டாமலே பதில் அனுப்பும் வணிக மறுமொழி வசதி அஞ்சல் துறையில் உண்டு. மொத்தமாக அனுப்புவதற்கு முன், வெவ்வேறு மாவட்டங்களில் உள்ள உங்கள் சொந்தக்காரர் இருபது பேரின் முகவரியைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். எந்த ஊருக்கு எத்தனை நாளில், எந்த நிலையில் போய்ச் சேர்ந்தது என்று அவர்கள் சொல்வார்கள்.

நான்காவது, வேண்டாம் என்பவரை விட்டுவிடுவது. தொலைபேசி விளம்பரத்தைத் தடுக்கப் பதிவேடு இருக்கிறது. தபால் பெட்டிக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே ‘அனுப்ப வேண்டாம்’ என்று சொன்னவர்களின் பெயரை நீங்களேதான் குறித்து வைக்க வேண்டும். விலைக்கு வாங்கிய பட்டியலைத் தொடவே தொடாதீர்கள். எங்கிருந்தோ அள்ளிய பெயர்களுக்கு அனுப்புவதைவிட, தாமாக முன்வந்து விலாசம் கொடுத்த ஐந்நூறு பேருக்கு அனுப்புவதே வியாபாரம்.

சட்டமும் அரசின் கடமையும்

இது வெறும் நல்லெண்ண அறிவுரை அல்ல. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும். தாளில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றிய பெயரும் முகவரியும் அதில் அடங்கும். தன் விவரத்தைத் திருத்தச் சொல்லவும் அழிக்கச் சொல்லவும் மக்களுக்கு அந்தச் சட்டம் உரிமை தருகிறது. விலாசப் பட்டியலை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு மறந்துபோகும் காலம் முடிகிறது.

பிற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன? அமெரிக்காவில் வீடு மாறுபவர்கள் அஞ்சல் துறைக்குத் தெரிவிக்கும் புதிய முகவரிகள் ஒரே தொகுப்பில் சேர்கின்றன. மொத்த அஞ்சலுக்கான கட்டணச் சலுகை வேண்டும் நிறுவனம், அனுப்புவதற்கு முந்தைய 95 நாள்களுக்குள் தன் பட்டியலைப் புதுப்பித்திருக்க வேண்டும். பிரிட்டனில் நாட்டின் முகவரிகள் அனைத்தையும் ராயல் மெயில் ஒரே கோப்பாகப் பராமரிக்கிறது. நமக்கும் ஒரு தொடக்கம் கிடைத்திருக்கிறது. 2025 மே 27 அன்று அஞ்சல் துறை, ஐஐடி ஹைதராபாத்தோடும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்தோடும் சேர்ந்து உருவாக்கிய ‘டிஜிபின்’ முறையை வெளியிட்டது. ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து, எண்களால் ஆன அடையாளம். தெருவே இல்லாத கரிசல் காட்டு ஆலைக்கும் தோட்டத்து வீட்டுக்கும் இது உதவும். 2023-ன் அஞ்சலகச் சட்டமும் முகவரிக்குத் தரம் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. அந்தத் தரத்தை வகுக்கும்போது ‘அஞ்சல்’, ‘வட்டம்’, இனிஷியல், பழைய எண், புதிய எண் என்று நம் ஊர் வழக்கத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

மாநகராட்சியும் நகராட்சிகளும் தெருப் பெயர், கதவு எண் மாற்றங்களைப் பழையது, புதியது என்று வரிசைப்படுத்தி அவ்வப்போது வெளியிட வேண்டும். பட்டாசு உற்பத்தியாளர் சங்கமும் அச்சக உரிமையாளர்களும் சேர்ந்து, சிறு வியாபாரிகளின் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுக்க ஒரு பொதுவான உதவி மையம் வைக்கலாம். பட்டியலைப் புதுப்பிப்பதில் எச்சரிக்கையும் வேண்டும். தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது, 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்ற அதே மூன்று வகைகள்தான் முக்கியக் காரணங்கள். ஒரு பட்டியல் எவ்வளவு வேகமாகப் பழையதாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விடுபட்டவர்கள் மனு கொடுத்துச் சேர அங்கே ஒரு வழி இருந்தது. வியாபாரப் பட்டியலிலும் அப்படித்தான்: ஒரே ஓர் உறை திரும்பியதற்காக ஒரு பழைய பார்ட்டியை அடித்துவிடாதீர்கள். ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.

பெயருக்கு மதிப்பு கொடுத்த மண்

மெட்ராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்பது முதலான கோரிக்கைகளோடு, சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கியது இந்த விருதுநகரில்தான். அக்டோபர் 13 அன்று அவர் உயிர் நீத்தார். அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் ஒவ்வோர் உறையிலும் பின்கோட்டுக்குப் பக்கத்தில் எழுதும் ‘தமிழ்நாடு’ என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த மண்ணின் ஓர் உயிர் இருக்கிறது. முகவரியின் ஒரு வரிக்கு அவ்வளவு மதிப்பு கொடுத்த ஊர், மற்ற வரிகளையும் மதிக்க வேண்டாமா?

அடுத்த ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் தயாராகும்போது, சிவகாசி வியாபாரிகள் தங்கள் முகவரிப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். இல்லாதவரின் பெயரை எடுத்துவிடுங்கள். இருப்பவரின் பெயரைச் சரியாக எழுதுங்கள். திரும்பி வந்த உறை ஒன்றாவது உங்கள் அலுவலகத்தில் கிடந்தால், இன்றே அதன் மேல் தபால்காரர் எழுதியிருப்பதைப் படியுங்கள்.